சேவை நிறுவனத்தின் ரூட்டரோடு மெஷ் வைஃபையை இணைப்பது எப்படி?

பல கருவிகளை வீட்டில் ஆங்காங்கே வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் வைஃபையை வாங்கும் பலர், இணையச் சேவை நிறுவனம் ஏற்கெனவே வீட்டில் பொருத்திவிட்டுப் போன பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். புதிய கருவியை அந்தப் பெட்டியில் செருகியதும் இணையம் வந்துவிடுவதால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். சில நாள்களில் கணினிக்குப் பிரிண்டர் தெரியாமல் போகும். இணைய விளையாட்டில் நண்பர்களின் குரல் வராது. கைபேசி ஓர் அறையில் பழைய வைஃபையையும் அடுத்த அறையில் புதிய வைஃபையையும் பிடித்துக்கொண்டு திணறும். இவை பெரும்பாலும் புதிய கருவியின் குறைகள் அல்ல. இரண்டு பெட்டிகள் ஒரே வேலையைச் செய்வதால் வரும் தொல்லைகள். ஆகவே எந்த கேபிளை எங்கே செருகுவது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பெட்டி எந்த வேலையைச் செய்யப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த முடிவு சரியாக இருந்தால் மற்றவை எளிதாக அமைந்துவிடும்.

பழைய பெட்டிக்குள் இருப்பவை

நாம் பொதுவாக ரூட்டர் என்று அழைக்கும் அந்த ஒரே பெட்டிக்குள் பல கருவிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் பகுதி. ஃபைபர் இணைப்பில் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் ஓஎன்டி இந்த வேலையைச் செய்கிறது. கேபிள், தொலைபேசிக் கம்பி இணைப்புகளில் மோடம் செய்கிறது. இரண்டாவது, உண்மையான ரூட்டர். நிறுவனம் தரும் ஒரே ஐபி முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளச் செய்வதும், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள் முகவரியை வழங்குவதும், வெளியிலிருந்து தானாக வந்து நுழைய முயலும் இணைப்புகளைத் தடுப்பதும் இதன் பொறுப்பு. வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கப் பின்புறத்தில் உள்ள லேன் போர்ட்டுகள் மூன்றாவது. வைஃபை பரப்பும் ஆன்டெனாக்கள் நான்காவது. சில பெட்டிகள் வீட்டுத் தொலைபேசியையும் தொலைக்காட்சிச் சேவையையும் சேர்த்தே நடத்துகின்றன.

மெஷ் அமைப்பு இவற்றில் இரண்டாவது வேலையையும் நான்காவது வேலையையும் செய்யக்கூடியது. முதல் வேலையைப் பெரும்பாலான மெஷ் கருவிகள் செய்வதில்லை. அதனால்தான் சேவை நிறுவனத்தின் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு மெஷ் கருவியை மட்டும் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான வீடுகளில் முடிவதில்லை. சுவரில் ஓஎன்டி தனியாகவும் அதன் பக்கத்தில் ரூட்டர் தனியாகவும் பொருத்தப்பட்டிருக்கும் வீடுகள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே, நிறுவனம் அனுமதித்தால், ரூட்டரை அகற்றிவிட்டு மெஷ்ஷின் முதன்மைக் கருவியை நேரடியாக ஓஎன்டியில் இணைக்கலாம்.

வைஃபை வேலையை மெஷ் ஏற்கப்போகிறது என்பதில் ஐயமில்லை. அதற்காகத்தான் அதை வாங்குகிறோம். முடிவு செய்ய வேண்டியது ரூட்டர் வேலையை யார் ஏற்பது என்பதை மட்டும்தான்.

மூன்று அமைப்புகளும் என் பரிந்துரையும்

முதல் அமைப்பில் சேவை நிறுவனத்தின் பெட்டியே ரூட்டராகத் தொடர்கிறது. மெஷ் கருவிகள் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைஃபையை மட்டும் பரப்புகின்றன. சில தயாரிப்புகளின் செயலியில் இதையே பிரிட்ஜ் மோடு என்று குறிப்பிட்டிருப்பார்கள். இரண்டாவது அமைப்பில் சேவை நிறுவனத்தின் பெட்டி பிரிட்ஜ் மோடுக்குப் போய் வெறும் மோடமாகிவிடுகிறது. மெஷ்ஷின் முதன்மைக் கருவி ரூட்டராகிறது. மூன்றாவது, இரண்டையும் ரூட்டராகவே விட்டுவிடுவது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, குறிப்பாகத் தொலைபேசியோ தொலைக்காட்சியோ அதே பெட்டி வழியாக வரும் வீடுகளுக்கு, முதல் அமைப்பையே பரிந்துரைப்பேன். நிறுவனம் ஏற்கெனவே சரியாக அமைத்துவைத்திருக்கும் எதையும் அதில் தொட வேண்டியதில்லை. ஏதேனும் தவறினாலும் மெஷ்ஷைக் கழற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். புதிய தலைமுறை ஐபி முகவரிகளைப் பயன்படுத்தும் ஐபிவி6 இணைப்பும் இந்த அமைப்பில் சிக்கலின்றி எல்லாக் கருவிகளுக்கும் கிடைக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. பிள்ளைகளின் இணைய நேரத்தைக் கட்டுப்படுத்துவது, ஒரு கருவிக்கு முன்னுரிமை தருவது போன்ற மெஷ் செயலியின் வசதிகள் பலவும் ரூட்டர் மோடில் மட்டுமே இயங்கும். விருந்தினர் வைஃபை இருந்தாலும், அதில் இணைபவர்களை வீட்டுக் கருவிகளிடமிருந்து பிரித்துவைக்கும் பாதுகாப்பு சில தயாரிப்புகளில் ஆக்சஸ் பாயின்ட் மோடில் கிடைப்பதில்லை. அந்த வசதிகளுக்காகவே மெஷ்ஷை வாங்கியவர்களும், சேவை நிறுவனத்தின் பெட்டி மிகப் பழையதாகி அடிக்கடி திணறும் வீட்டினரும் இரண்டாவது அமைப்புக்குப் போகலாம்.

வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எல்லா மெஷ் தயாரிப்புகளும் முதல் அமைப்புக்கு இடம்தருவதில்லை. எடுத்துக்காட்டாக, கூகுள் வைஃபை, நெஸ்ட் வைஃபை ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை மெஷ்ஷாக இணைக்கும்போது முதன்மைக் கருவியை பிரிட்ஜ் மோடில் வைக்க முடியாது. அத்தகைய தயாரிப்பு கையில் இருந்தால் இரண்டாவது அமைப்போ மூன்றாவது அமைப்போதான் வழி.

தொடங்குமுன் எழுதிவைக்க வேண்டியவை

சேவை நிறுவனத்தின் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகப் பக்கத்தின் முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த முகவரி பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அமைந்திருக்கும். உலாவியில் அதைத் தட்டச்சு செய்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். உள்ளே போய், இணைய இணைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ வகையா, முகவரி தானாகவே கிடைக்கும் வகையா என்பது முக்கியம். ஒரே இணைப்பில் வரும் சேவைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலேன் எண் ஏதேனும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போதுள்ள வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் பின்னால் தேவைப்படும்.

எந்த நிலையிலும் சேவை நிறுவனத்தின் பெட்டியில் உள்ள ரீசெட் துளையைக் குத்தி அழுத்தாதீர்கள். நிறுவனம் அந்தப் பெட்டியில் பதிந்துவைத்த இணைப்பு விவரங்கள் அழிந்துபோகக்கூடும். பிறகு அவர்களின் உதவி கிடைக்கும்வரை வீட்டில் இணையமே இல்லாமல் போகலாம்.

முதல் அமைப்பு: மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட்டாக வைப்பது

மெஷ்ஷின் முதன்மைக் கருவியைச் சேவை நிறுவனத்தின் பெட்டிக்கு அருகில் வைத்து, பெட்டியின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து முதன்மைக் கருவியின் வேன் போர்ட்டுக்கு, அதாவது இணையத்துக்கென்று குறியிடப்பட்ட போர்ட்டுக்கு, ஈதர்நெட் கேபிளைச் செருகுங்கள். போர்ட்டுகளைத் தானாகவே அடையாளம் காணும் கருவிகளில் எதில் செருகினாலும் பரவாயில்லை. தயாரிப்பாளரின் செயலியைக் கைபேசியில் நிறுவி, அது சொல்லும் வரிசையில் முதன்மைக் கருவியை அமையுங்கள். பல தயாரிப்புகள் முதலில் ரூட்டராக அமைந்த பிறகே மோடை மாற்ற அனுமதிக்கும். அப்படியானால் அமைப்பை முடித்துவிட்டு, செயலியின் அமைவுகளில் மேம்பட்ட பகுதிக்குள் சென்று ஆக்சஸ் பாயின்ட் மோடைத் தேர்ந்தெடுங்கள். கருவி ஒருமுறை அணைந்து மீண்டும் இயங்கும்.

இந்தக் கட்டத்தில் வைஃபைக்குத் தற்காலிகமாக ஒரு புதிய பெயரைத் தருவது நல்லது. பழைய வைஃபை இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதைச் சோதித்துப் பார்க்கலாம். வேலை நடக்கும் நேரத்தில் வீட்டில் யாருக்கும் இணையம் தடைபடாது. புதிய வைஃபையில் கைபேசியை இணைத்து, அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். சேவை நிறுவனத்தின் ரூட்டர் 192.168.1.1 என்றால் கைபேசியின் முகவரியும் 192.168.1 என்றே தொடங்க வேண்டும். வேறு எண்களோடு தொடங்கினால் மோடு மாறவில்லை என்று பொருள்.

முதன்மைக் கருவி சரியாக இயங்கிய பிறகு துணைக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் முதன்மைக் கருவி இருக்கும் அறையிலேயே வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு உரிய இடத்துக்கு எடுத்துச்செல்வது எளிது.

எல்லாம் இயங்குவது உறுதியானதும் சேவை நிறுவனத்தின் பெட்டியில் வைஃபையை அணைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கக்கூடும்; ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது மிகவும் பொதுவான தவறு. விருந்தினர் வைஃபை இயங்கினால் அதையும் அணையுங்கள். பழைய வைஃபையும் இருக்கட்டும், எங்காவது உதவும் என்று சிலர் நினைப்பார்கள். அது உதவாது, இடையூறுதான் செய்யும். கைபேசியோ மடிக்கணினியோ எந்தக் கருவியைப் பிடித்துக்கொள்வது என்பதைத் தானே முடிவு செய்கிறது. பழைய பெட்டியின் பலவீனமான சிக்னலை ஒருமுறை பிடித்துவிட்டால், பக்கத்திலேயே நல்ல சிக்னல் இருந்தாலும் எளிதில் விடாது. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும் ஒருங்கிணைப்பு மெஷ் கருவிகளுக்கு இடையில் மட்டுமே இருக்கிறது.

பழைய வைஃபை அணைந்த பிறகு, மெஷ்ஷின் தற்காலிகப் பெயரை நீக்கிவிட்டுப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எதுவும் மாறக்கூடாது. தொலைக்காட்சி, கேமரா, பிரிண்டர், ஸ்மார்ட் விளக்கு ஆகியவை எதையும் உணராமல் புதிய வைஃபையில் சேர்ந்துகொள்ளும். பாதுகாப்பு வகையில், புதியதான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய கருவிகள் இணைய மறுக்கும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுப்பது தொடக்கத்தில் பாதுகாப்பானது. பழைய கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், சிரமம் பாராமல் இப்போதே நீளமான ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது அமைப்பு: சேவை நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது

இதைத் தொடங்குமுன் சேவை நிறுவனத்தை அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பெட்டியில் பிரிட்ஜ் மோடு உண்டா, அதை நானே மாற்றலாமா அல்லது நீங்கள்தான் மாற்ற வேண்டுமா? மாற்றினால் தொலைபேசியும் தொலைக்காட்சியும் தொடர்ந்து இயங்குமா? என் ரூட்டரில் நான் தர வேண்டிய பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் என்னென்ன? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காதவரை கை வைக்காமல் இருப்பது நல்லது. தொலைக்காட்சிச் சேவை தனி விலேனில் வரும் வீடுகளில், அதைக் கையாளத் தெரியாத மெஷ் கருவியை ரூட்டராக வைத்தால் திரையில் படமே வராது.

விடைகள் கிடைத்த பிறகு, நிர்வாகப் பக்கத்தில் பிரிட்ஜ் மோடைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அந்த நொடியிலிருந்து பெட்டியின் வைஃபை பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். கைபேசியில் மொபைல் டேட்டாவைத் தயாராக வைத்திருங்கள், ஏனெனில் மெஷ் செயலிக்கு அமைக்கும்போது இணையம் தேவைப்படும். பிறகு பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து முதன்மைக் கருவியைக் கேபிளால் இணைத்துவிட்டு, பெட்டியை முதலிலும் முதன்மைக் கருவியைப் பிறகும் இயக்குங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. சில மோடங்கள், இயங்கத் தொடங்கியதும் தம்மோடு பேசும் முதல் கருவியின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மட்டுமே இணையத்தைத் தருகின்றன. அணைத்து இயக்கினால்தான் புதிய கருவியை ஏற்கும். அதன் பிறகும் ஏற்காவிட்டால், சேவை நிறுவனம் பழைய மேக் முகவரியைப் பதிந்துவைத்திருக்கலாம். அதை மெஷ் அமைப்பில் நகலெடுத்து வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பிபிபிஓஇ இணைப்பானால் குறித்துவைத்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மெஷ் செயலியில் கொடுங்கள். இவ்வகை இணைப்பில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 8 பைட்டுகள் கூடுதல் தலைப்புக்குப் போய்விடுவதால், ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூ வழக்கமான 1500க்குப் பதிலாக 1492 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் இதைத் தாமே அமைத்துக்கொள்ளும். சில வலைத்தளங்கள் மட்டும் திறக்காமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

துணைக் கருவிகளைக் கேபிளால் இணைப்பவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மெஷ் ரூட்டராக இயங்கும்போது எல்லாத் துணைக் கருவிகளும் முதன்மைக் கருவிக்குப் பின்னால்தான் வர வேண்டும். பழைய பெட்டியில் காலியாக இருக்கும் லேன் போர்ட்டில் துணைக் கருவியின் கேபிளைச் செருகினால், அது முதன்மைக் கருவியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வலைப்பின்னலில் நுழைகிறது. இணைப்பு விட்டுவிட்டு வரும், சில நேரங்களில் முழு வலைப்பின்னலும் முடங்கும். போர்ட்டுகள் போதவில்லை என்றால் முதன்மைக் கருவியின் லேன் போர்ட்டில், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் சுவிட்ச் கருவி ஒன்றை இணைத்து, அதிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ரூட்டராகவே இருக்க நேர்ந்தால்

பெட்டியில் பிரிட்ஜ் மோடும் இல்லை, மெஷ்ஷில் ஆக்சஸ் பாயின்ட் மோடும் இல்லை என்றால் நேட் எனப்படும் முகவரி மாற்றம் இருமுறை நடக்கும். வீட்டின் கதவில் ஒரு காவலரும் தெரு வாயிலில் இன்னொரு காவலரும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்பதைப் போன்ற நிலை அது: வெளியே போகிறவர்களுக்குத் தடையில்லை, உள்ளே வர வேண்டியவர்கள்தான் வழியில் நின்றுவிடுவார்கள். வலைத்தளம் பார்ப்பது, காணொளி காண்பது எல்லாம் வழக்கம்போல நடக்கும். சில இணைய விளையாட்டுகள், வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அணுகுவது, வீட்டு வலைப்பின்னலுக்குள் பாதுகாப்பாக நுழைவதற்காக வீட்டிலேயே நடத்தும் விபிஎன் போன்றவை தடைபடும். பழைய பெட்டியில் செருகிய பிரிண்டர், மெஷ்ஷில் இணைந்த கணினியின் பட்டியலில் தானாகத் தோன்றாது.

இந்த நிலை இருக்கிறதா என்று கண்டறிய, மெஷ் செயலியில் காட்டப்படும் இணைய ஐபி முகவரியைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை எதிலாவது தொடங்கினாலும், 192.168 என்று தொடங்கினாலும் அது வீட்டுக்குள் பயன்படும் தனிப்பட்ட முகவரி. அதாவது முகவரி மாற்றம் இருமுறை நடக்கிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரியானால் கதை வேறு. அது சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிப்பதன் அடையாளம். வீட்டில் எதை மாற்றினாலும் அது தீராது, பொது முகவரி வேண்டுமென்று நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

இரட்டை ரூட்டரைத் தவிர்க்க முடியாதவர்கள் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். இரண்டு ரூட்டர்களும் ஒரே உள் முகவரி வரிசையைப் பயன்படுத்தக்கூடாது, ஒன்று 192.168.1 என்றால் மற்றது 192.168.50 போல வேறாக இருக்க வேண்டும். அடுத்து, பழைய பெட்டியின் டிஎம்இசட் பகுதியில் முதன்மைக் கருவியின் முகவரியைக் கொடுத்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் அனைத்தும் மெஷ்ஷுக்கு அனுப்பப்படும். தடுப்பதையும் அனுமதிப்பதையும் மெஷ் மட்டும் பார்த்துக்கொள்ளும். அந்த முகவரி மாறிவிடாதபடி பழைய பெட்டியில் அதை ஒதுக்கிவைக்கவும் வேண்டும். பிரிண்டர் உட்பட எல்லாக் கருவிகளையும் மெஷ்ஷின் பக்கமே கொண்டுவந்துவிடுங்கள்.

துணைக் கருவிகளை எங்கே வைப்பது

மெஷ் வாங்கியும் வேகம் இல்லை என்ற ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் இடம்தான். சிக்னல் வராத அறைக்குள்ளேயே துணைக் கருவியை வைப்பது இயல்பாகத் தோன்றும் தவறு. தனக்கே சிக்னல் சரியாகக் கிடைக்காத கருவியால் மற்றவற்றுக்கு எதைக் கொடுக்க முடியும்? கைபேசியில் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரியும், ஆனால் பக்கம் திறக்காது. முதன்மைக் கருவிக்கும் அந்த அறைக்கும் நடுவில், நல்ல சிக்னல் இன்னும் கிடைக்கும் இடத்தில்தான் துணைக் கருவி இருக்க வேண்டும். சிக்னல் அளவைக் காட்டும் செயலி இருந்தால், அந்த இடத்தில் மைனஸ் 65 டிபிஎம் அளவுக்கோ அதைவிட வலுவாகவோ (சுழியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) கிடைக்கிறதா என்று பார்க்கலாம். மைனஸ் 80ஐ நெருங்கினால் அந்த இடம் உதவாது.

இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, மீன் தொட்டி, பெரிய கண்ணாடி ஆகியவற்றுக்குப் பின்னால் கருவியை மறைக்காதீர்கள். அழகுக்காகத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதும் கூடாது. மார்பளவு உயரத்தில் திறந்த இடத்தில் வைப்பது சிறந்தது. கம்பி போட்ட கான்கிரீட் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கடுமையாகத் தடுக்கும்; அது குறுக்கே வராதபடி, கதவு வழியாகவோ படிக்கட்டு வழியாகவோ ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு வழி கிடைக்கும்படி அமைத்துப் பாருங்கள்.

கேபிளால் இணைக்க ஒரு சிறு வாய்ப்பு இருந்தாலும் அதை விடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு அலைவரிசை மட்டுமுள்ள மெஷ்ஷில், துணைக் கருவி ஒரே ரேடியோவில் முதன்மைக் கருவியிடம் வாங்கி, அதே ரேடியோவில் கைபேசிக்குக் கொடுக்கிறது. அதனால் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒரு தாவலிலேயே வேகம் ஏறக்குறைய பாதியாகிறது, இரண்டாவது தாவலில் இன்னும் குறைகிறது. மூன்று அலைவரிசை உள்ளவை கருவிகளுக்கிடையே தனி அலைவரிசையை ஒதுக்கக்கூடியவை என்பதால் இந்த இழப்பு குறைவு. ஈதர்நெட் கேபிளில் இந்த இழப்பே இல்லை. கேட்5ஈ வகை கேபிளே 100 மீட்டர் தொலைவு வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். சுவருக்குள் பழைய கேபிள் இருந்தால் அதன் எட்டு இழைகளும் முனையில் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் வேகம் 100 மெகாபிட்டிலேயே நின்றுவிடும். தொலைக்காட்சிக்காகப் போட்ட கோஆக்சியல் கேபிள் அறைகளுக்கிடையே ஓடுகிறது என்றால், அதில் வலைப்பின்னல் தரவைக் கடத்தும் மோகா அடாப்டர் வழியாக அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்க்கும் வரிசை

வேகத்தைத் தொலைவில் உள்ள அறையில் கைபேசியால் மட்டும் அளந்து பார்த்தால் குறை எங்கே என்று தெரியாது. முதலில் மடிக்கணினியைக் கேபிளால் சேவை நிறுவனத்தின் பெட்டியிலும், அடுத்து முதன்மைக் கருவியிலும் இணைத்து அளவிடுங்கள். பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றியிருந்தால் முதன்மைக் கருவியில் மட்டும் அளந்தால் போதும். மூன்றாவதாக முதன்மைக் கருவிக்கு அருகில் வைஃபையிலும், கடைசியாகத் துணைக் கருவிக்கு அருகிலும் அளவிடுங்கள். முதல் அளவே குறைவு என்றால் அது சேவை நிறுவனத்தின் பிரச்சினை. மெஷ்ஷில் எதை மாற்றியும் பயனில்லை. இரண்டாவதில் குறைந்தால் கேபிளோ போர்ட்டோ காரணம். கடைசியில் மட்டும் குறைந்தால் துணைக் கருவியின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஸ்மார்ட் விளக்கு, கேமரா போன்ற சில கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். புதிதாகச் சேர்க்கும்போது அவை இணைய மறுத்தால், செயலியில் 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துச் சேருங்கள், அல்லது அவற்றுக்கென்று 2.4 மட்டுமுள்ள தனிப் பெயரை உருவாக்குங்கள்.

எல்லாம் சீராக இயங்கத் தொடங்கியதும் மெஷ்ஷின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இயங்கும் மென்பொருளை, புதுப்பித்து, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும் இயக்கிவிடுங்கள். சேவை நிறுவனமும் தன் பெட்டிக்குத் தொலைவிலிருந்தே புதுப்பிப்புகளை அனுப்பும். அதற்குப் பிறகு சில பெட்டிகளில் அணைத்துவைத்த வைஃபை மீண்டும் இயங்கத் தொடங்குவதும், பிரிட்ஜ் மோடு நீங்கி ரூட்டர் மோடு திரும்புவதும் உண்டு. நன்றாக இருந்த வீட்டில் ஒருநாள் திடீரென்று பழைய தொல்லைகள் தலைகாட்டினால், மெஷ்ஷைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து இந்த இரண்டையும் பாருங்கள். கேபிள் மோடங்களில், பிரிட்ஜ் மோடில் இருக்கும்போதும் 192.168.100.1 என்ற முகவரியில் அந்தப் பக்கம் பெரும்பாலும் திறக்கும்.